புதிய ரூகர் 10/22-க்கு எந்த முன்தயாரிப்பு, எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் முதன்முறையாக ஒரு ரைஃபிளை வாங்குபவர்களில் பலர் ரூகர் நிறுவனத்தின் 10/22-இல்தான் வந்து நிற்கிறார்கள். 1964-இல் விற்பனைக்கு வந்த இந்தச் சிறிய அரைத் தானியங்கி ரைஃபிள் இன்றும் அடிப்படை வடிவம் மாறாமல் தயாராகிறது. 18.5 அங்குலக் குழல், ஏறத்தாழ 5 பவுண்டு எடை, தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டைக்குள் முழுவதும் அடங்கிவிடும், பத்துத் தோட்டாக்களை ஏந்தும் சுழல் மகசின், எளிதில் கிடைக்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா ஆகியவை அதன் அடையாளங்கள். பெட்டியை மேசையில் வைத்துப் பிரித்ததும் புதியவருக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. எடுத்தபடியே சுடுதளத்துக்குக் கொண்டு போகலாமா, அல்லது பிரித்துத் துடைத்து எண்ணெயிட்ட பிறகுதான் கொண்டு போக வேண்டுமா என்பது ஒன்று. ஒரே அளவு எழுதப்பட்ட இருபது முப்பது வகைத் தோட்டாக்களில் எதை முதலில் வாங்குவது என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். எனக்கு அவை ஒரே முடிவின் இரண்டு பாதிகளாகவே தெரிகின்றன. முதல் நாளில் ரைஃபிள் திக்கினால், காரணம் துப்பாக்கியா, எண்ணெயா, மகசினா, தோட்டாவா என்று பிரித்தறிய முடிய வேண்டும். சுடுவதற்கு முந்தைய தயாரிப்பையும் தோட்டாவையும் அந்த ஒரு நோக்கத்துக்காகத் தேர்ந்துகொள்பவருக்கு முதல் நூறு தோட்டாக்களிலேயே தன் துப்பாக்கியைப் பற்றி நம்பகமான செய்தி கிடைத்துவிடும்.

இங்கே தமிழ் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர் ஒருவர் சுடுதளத்தில் ரைஃபிளைக் கையில் கொடுத்தாலும் இந்தத் தடை பொருந்தக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவர்களும் குடிமக்களும் கடையில் 4473 என்னும் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனைக்குப் பின் வாங்கலாம். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலும் கட்டுப்பாடுகள் வைத்திருக்கலாம் என்பதால், தாம் வாழும் மாநிலத்தின் விதியைப் படித்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

தயாரிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்த ரைஃபிள் வேலை செய்யும் முறையைச் சற்றே விளங்கிக்கொள்வது நல்லது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம் அறை, அதைப் பின்னாலிருந்து மூடி முன்னும் பின்னும் நகரும் உலோகக் கட்டி போல்ட். 10/22-இன் போல்ட் குழலோடு பூட்டப்படுவதில்லை. அதன் எடையும் பின்னால் உள்ள சுருள்வில்லின் அழுத்தமும் மட்டுமே தோட்டாக் கூட்டை அறைக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. தோட்டா வெடித்ததும் குண்டு முன்னே பாய்கிறது, அதே அழுத்தம் காலிக் கூட்டின் வழியாகப் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. பின்னே போகும் போல்ட் கூட்டை வெளியே எறிந்து, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலை மடக்கி வைத்து, திரும்பி வரும் வழியில் மகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டுதான். ஆனால் அந்த ஒரு குண்டின் உதைதான் அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கான வேலை முழுவதையும் செய்கிறது. போல்ட்டின் வழியில் உராய்வு கூடினாலும், தோட்டாவின் உதை குறைந்தாலும் விளைவு ஒன்றுதான்: போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும், காலிக் கூடு வெளியேறும் வாயில் சிக்கி நிற்கும். இந்த இரண்டு காரணங்களும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதில்தான் புதியவரின் குழப்பம் தொடங்குகிறது.

மூன்று வகைத் தயாரிப்பு

முதல் வழி, எதையும் தொடாமல் சுடுவது. இன்றைய தொழிற்சாலைத் துப்பாக்கிகள் அப்படியும் பெரும்பாலும் சுடும் என்பது உண்மை. அதனால் இதைப் பரிந்துரைப்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் புதிய துப்பாக்கியின் மீதும் உள்ளும் பூசப்பட்டிருப்பது துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய். அது உராய்வைக் குறைப்பதற்காகப் பூசப்பட்டதன்று. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து அது கெட்டியாகியிருக்கலாம், குளிரில் மேலும் கெட்டியாகும். கடைசல் வேலையில் உதிர்ந்த நுண்ணிய உலோகத் துகளும், பெட்டியின் அட்டைத் தூசியும் அதில் ஒட்டியிருப்பதை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்தாலே காணலாம். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குழலை ஒரு முறையாவது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் சுடுவது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடுவதாகும். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வழியை நான் ஏற்பதில்லை.

இரண்டாவது வழி, குழலையும் அறையையும் போல்ட்டின் முகத்தையும் மட்டும் துடைப்பது. துப்பாக்கியைக் கட்டையிலிருந்து பிரிப்பதில்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த வழியே புதியவர் பலருக்குப் போதுமானது. மூன்றாவது வழி, கையேட்டில் சொல்லியபடி முழுவதும் பிரித்து, பழைய எண்ணெயைக் கழுவி நீக்கி, புதிய எண்ணெய் இட்டு மீண்டும் கூட்டுவது. முதல் தடவை இதற்கு ஒரு மாலைப் பொழுது தேவைப்படும்.

என் தேர்வு மூன்றாவது வழி. தூய்மையைவிட அறிமுகத்துக்காகவே அதைத் தேர்கிறேன். 10/22-ஐப் பிரிப்பது கடினமன்று. மகசினை எடுத்துவிட்டு, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, சுற்றுப்புறத்தில் ஒரு தோட்டாகூட இல்லை என்று உறுதிசெய்த பிறகு, முன்னே குழல் வளையம் உள்ள வகையாயின் அதைத் தளர்த்தி, விசைக் காப்புக்கு முன்னால் உள்ள ஒற்றைத் திருகாணியைக் கழற்ற வேண்டும். சுத்தியலை மடக்கிய நிலையில் வைத்து, பாதுகாப்புப் பொத்தானை நடு நிலைக்குத் தள்ளினால் கட்டை தடையின்றிப் பிரியும். பிறகு இரண்டு ஊசிகளை வெளியே தள்ளினால் விசைத் தொகுதி தனியே வரும். பின்னால் உள்ள தடுப்பு ஊசியை எடுத்ததும் போல்ட்டையும், சுருள்வில்லோடு கூடிய கைப்பிடியையும் வெளியே எடுக்கலாம். சுருள்வில் தெறித்து ஓடாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியின் மீது அடுக்கி வைப்பது நல்லது. விசைத் தொகுதியை மேலும் பிரிக்கத் தேவையில்லை. சுழல் மகசினையும் முதல் நாளில் பிரிக்கக் கூடாது. அதன் உள்ளே உள்ள வில்லின் முறுக்கு தொழிற்சாலையில் அளந்து வைக்கப்பட்டது, அனுபவமற்ற கையில் அது தவறிப்போகும்.

குழலைத் துடைப்பதில் மட்டும் அவசரம் கூடாது. பெரும்பாலான 10/22-களில் குழலுக்குப் பின்புறமாகக் கம்பி விட வழியில்லை, ஏனெனில் போல்ட் இருக்கும் பெட்டியின் பின்சுவர் மூடியிருக்கிறது. எனவே கம்பியைக் குழலின் முன்முனையான குழல்வாய் வழியாகத்தான் விட வேண்டியிருக்கிறது. அங்கே இரும்புக் கம்பி உரசினால் குழல்வாயின் விளிம்பு தேயும், அந்த விளிம்பின் வட்டம் குலைந்தால் குண்டு வெளியேறும் தருணத்தில் ஒரு பக்கம் தள்ளப்பட்டுக் குறி சிதறும். மூன்று தேர்வுகளில், துண்டு துண்டாகத் திருகி நீட்டும் மலிவான இரும்புக் கம்பியை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். மேற்பூச்சு உள்ள ஒற்றைக் கம்பியும் குழல்வாய்க் காப்பும் சேர்ந்து இருந்தால் நல்லதே. ஆனால் அறைப் பக்கமிருந்து குழல்வாய் நோக்கி இழுக்கும் கயிற்றுத் துடைப்பான் புதியவருக்கு எளிது, துப்பாக்கிக்கும் தீங்கில்லை. கரைப்பான் தோய்ந்த துணித்துண்டு ஒன்று, உலர்ந்தவை மூன்று நான்கு, கடைசித் துண்டு சுத்தமாக வரும் வரை. குழலுக்குள்ளும் அறைக்குள்ளும் எண்ணெய் தங்கக் கூடாது.

எண்ணெய் இடுவதிலும் இரு கட்சிகள் உண்டு. நிறைய இட்டால் வழுக்கும் என்பது ஒன்று, தொட்டும் தொடாமலும் இட்டால் போதும் என்பது மற்றொன்று. பெரிய ரைஃபிள்களுக்கு எது பொருந்துமோ, .22-க்கு இரண்டாவதே பொருந்தும். இந்தத் தோட்டாவின் ஈயக் குண்டு வெளிப்புறமாக மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சோடு வருகிறது. வெடித்த பின் கருகாத மருந்துத் துகளும் அந்த மெழுகும் எண்ணெயும் சேர்ந்தால் கருமையான பசையாகிவிடும். போல்ட்டின் மேற்புறத்திலும் பக்கங்களிலும், சுருள்வில் ஓடும் கம்பியிலும், சுத்தியல் உரசும் இடத்திலும் ஒவ்வொரு துளி இட்டு, விரலால் பரப்பி, மிகுதியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். மகசினுக்கு உள்ளே எண்ணெய் வேண்டாம்.

கூட்டி முடித்ததும், தோட்டாவே இல்லாத அறையில் ஒரு சோதனை. பாதுகாப்புப் பொத்தான் பூட்டியிருக்கும்போது விசையை அழுத்தினால் சுத்தியல் விழக் கூடாது. பொத்தானை விடுவித்து அழுத்தினால் விழ வேண்டும். அழுத்திய விசையை விடாமல் போல்ட்டை இழுத்து விட்டால் சுத்தியல் மடங்கியே நிற்க வேண்டும், விசையை மெல்ல விடும்போது அது மீண்டும் பொருந்தும் ஒலி கேட்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கியைச் சுடுதளத்துக்குக் கொண்டு போகாமல் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமோ தயாரிப்பாளரிடமோ அனுப்ப வேண்டும்.

ஒரு பெருவிவாதத்தை இங்கே ஒதுக்கிவிடலாம். புதிய குழலை ஒரு குண்டு சுட்டு ஒரு முறை துடைத்து, இப்படியே இருபது முப்பது முறை பழக்க வேண்டும் என்ற கருத்து, செம்புக் கவசக் குண்டு வேகமாகப் பாயும் பெரிய ரைஃபிள்களுக்கு உரியது. அங்கேயே அதைப் பற்றி ஒத்த கருத்து இல்லை. மென்மையான ஈயக் குண்டு மெழுகோடு வழுக்கிச் செல்லும் .22 குழலுக்கு அது தேவையற்ற உழைப்பு. இங்கே பழக வேண்டியவை போல்ட்டும், அது உரசும் தளங்களும், மகசினின் வில்லும்தான். அவை சுடுவதால் மட்டுமே பழகும்.

நான் கண்ட தடுமாற்றம்

என் முதல் 10/22-ஐ நான் ஒரு நவம்பர் காலையில், துடைக்காமல் எடுத்துச் சென்றேன். நண்பர்கள் கொடுத்த மூன்று வெவ்வேறு பெட்டிகளின் மிச்சத் தோட்டாக்கள் ஒரே பையில் கலந்திருந்தன. பத்துக்கு இரண்டு மூன்று என்ற கணக்கில் காலிக் கூடு வாயிலில் சிக்கியது. மகசினைப் பழித்து வேறொன்று வாங்கினேன். அதுவும் சிக்கியது. துப்பாக்கியைத் திருப்பி அனுப்பும் எண்ணத்தில் வீட்டில் பிரித்தபோதுதான், போல்ட்டின் மேற்புறத்தில் குளிரில் தேன்போல் கெட்டியாகிய எண்ணெயைக் கண்டேன். அதைக் கழுவி நீக்கிய பிறகும் ஒரு வகைத் தோட்டா மட்டும் தொடர்ந்து சிக்கியது, மற்ற இரண்டும் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. ஆக, எண்ணெயும் உண்மையான குற்றவாளி, தோட்டாவும் உண்மையான குற்றவாளி. இரண்டும் சேர்ந்து வந்ததால் குற்றமற்ற மகசினுக்குப் பழி போயிற்று. அந்த மூன்று வாரக் குழப்பமே நான் இதை எழுதுவதற்குக் காரணம்.

தோட்டாக்களை எப்படி ஒப்பிடுவது?

பெட்டியின் மீது இரண்டு எண்கள் இருக்கும்: குண்டின் எடை கிரெயின் என்னும் சிறு எடை அளவில், வேகம் விநாடிக்கு இத்தனை அடி என்று. கடையில் நிற்பவரின் கண் வேகத்தின் மீதே போகும். ஆனால் போல்ட்டைத் தள்ளுவது வேகம் மட்டுமன்று, எடையும் வேகமும் சேர்ந்த பெருக்கம். குண்டின் எடையைக் கிராமிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எழுதிப் பெருக்கிப் பாருங்கள். வெடிவாயுவின் பங்கு இதில் சேராது என்பதால் இது முழுக் கணக்கன்று. எனினும் ஒரு தோட்டாவோடு மற்றொன்றை ஒப்பிட இது போதும்.

ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் தயாராகும் சி.சி.ஐ. மினி-மேக் வகையில் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் எடையுள்ள, செம்பு முலாம் பூசிய உருள்முனைக் குண்டு விநாடிக்கு 1,235 அடி வேகத்தில் பாய்கிறது. பெருக்கம் ஏறத்தாழ 975. மின்னசோட்டா மாநிலத்தின் அனோக்காவில் இயங்கும் ஃபெடரல் நிறுவனம் 525 தோட்டாக்கள் கொண்ட பெட்டிகளில் விற்கும் 36 கிரெயின் குழிமுனைக் குண்டின் வேகம் 1,260 அடி. எண்ணில் அது மினி-மேக்கைவிட விரைவானது, ஆனால் எடை குறைவு என்பதால் பெருக்கம் ஏறத்தாழ 895-தான். சி.சி.ஐ.யின் இயல்புவேக வகை, 40 கிரெயின், 1,070 அடி, பெருக்கம் 845. அதே நிறுவனத்தின் ஸ்டிங்கர், 32 கிரெயின், 1,640 அடி, பெருக்கம் 1,035. ஒலி குறைவுக்காகச் செய்யப்பட்ட குவைட்-22, 40 கிரெயின், 710 அடி, பெருக்கம் வெறும் 560.

இந்த வரிசையைப் பார்த்தால் பல புதிர்கள் அவிழ்கின்றன. குவைட்-22 நல்ல தோட்டா, ஆனால் அது கையால் போல்ட் இழுக்கும் ரைஃபிளுக்கு உரியது. 10/22-இல் அது ஒவ்வொன்றாகச் சுடும், அடுத்ததை ஏற்றும் வலிமை அதற்கு இல்லை. எனவே முதல் நாள் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடலாம். ஸ்டிங்கரையும் நீக்குகிறேன், வேறு காரணத்துக்காக. அதன் கூடு வழக்கமான லாங் ரைஃபிள் கூட்டைவிட நீளமானது. சாதாரண 10/22-இன் தளர்வான அறையில் அது பொருந்தும், ஆனால் குறிக்கோள் போட்டிக்கான இறுக்கமான அறை கொண்ட குழல்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது. தன் குழல் எத்தகையது என்று உறுதியாகத் தெரியாத புதியவர் கையேட்டைப் படிக்காமல் அதைத் தொடக் கூடாது. விலையும் அதிகம். அந்த வேகத்தால் காகிதத்தில் துளையிடுபவருக்கு எந்தப் பயனும் இல்லை.

எஞ்சுபவை மூன்று: மினி-மேக் போன்ற 40 கிரெயின் மிகுவேகம், மொத்தப் பெட்டி 36 கிரெயின், 40 கிரெயின் இயல்புவேகம். இவற்றுக்கு அப்பால், ஜெர்மனியின் ஷோனபெக்கில் தயாராகும் எஸ்.கே., இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தயாராகும் ஈலி போன்ற போட்டித் தோட்டாக்கள் உண்டு. அவற்றின் விலை மொத்தப் பெட்டித் தோட்டாவைப்போல் சில மடங்கு. மென்மையான வெற்று ஈயக் குண்டு மகசினிலிருந்து அறைக்கு ஏறும் வழியில் உரசிச் சிதைய வாய்ப்புண்டு. தொழிற்சாலைக் குழலும் தொழிற்சாலை விசையும் கொண்ட 10/22-இல், இன்னும் சுடப் பழகாத கையில், அந்தத் துல்லியம் வெளிப்படாது. முதல் மாதத்தில் அவற்றை வாங்குவதை வீண் செலவு என்றே சொல்வேன்.

மொத்தப் பெட்டியின் கவர்ச்சி விலை. அந்தக் கவர்ச்சியை நான் இகழவில்லை, ஏனெனில் சுடுதல் என்பது பயிற்சி, பயிற்சி எண்ணிக்கையால் வருவது. ஆனால் .22 தோட்டாவில் தீமூட்டும் கலவை கூட்டின் அடிவிளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகிறது. விளிம்பின் ஓரிடத்தில் கலவை படியாமல் போனால், துப்பாக்கியின் அடிக்கும் ஊசி அந்த இடத்தில் படும்போது தோட்டா வெடிக்காது. பெரிய தோட்டாக்களின் நடுவில் தனியாகப் பொருத்தப்படும் தீமூட்டியோடு ஒப்பிட்டால் இங்கே வெடிக்காமை அதிகம், மலிவான பெட்டிகளில் இன்னும் அதிகம். தளர்வாகக் கொட்டிய தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதி, குண்டு கூட்டில் ஆடிக்கொண்டிருப்பதையும் கண்டிருக்கிறேன். துப்பாக்கி நலமாக இருக்கிறது என்று ஏற்கெனவே அறிந்தவருக்கு இவை சிறு தொல்லைகள். அதை இன்னும் அறியாதவருக்கு இவை ஒவ்வொன்றும் விடை தெரியாத கேள்விகள். ஆகவே மொத்தப் பெட்டியை இரண்டாவது நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இயல்புவேகமா, மிகுவேகமா என்பதே மெய்யான போட்டி, இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 20 செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி. மிகுவேகக் குண்டு ஒலியைவிட விரைவாகக் குழலை விட்டுப் புறப்பட்டு, நூறு கஜத்துக்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த எல்லையைக் கடக்கும்போது காற்று குண்டை அலைக்கழிக்கும், குறி விரியும். இயல்புவேகக் குண்டு அந்த எல்லைக்குக் கீழேயே புறப்படுவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. காற்று வீசும்போது நிகழ்வது இன்னும் வியப்பானது. மெதுவாகச் செல்லும் குண்டு காற்றில் அதிகம் விலகும் என்றுதான் யாரும் நினைப்பர், ஆனால் .22-இல் நடப்பது நேர்மாறு. குண்டு பக்கவாட்டில் விலகுவது அது பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததன்று, காற்றின் தடையால் அது இழக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் தடை மிகவும் கூடுவதால் மிகுவேகக் குண்டு அங்கே நேரத்தை அதிகம் இழந்து, அதே காற்றில் இயல்புவேகக் குண்டைவிட மிகுதியாக விலகுகிறது. போட்டித் தோட்டாக்கள் ஏறத்தாழ அனைத்தும் 1,050 அடிக்கும் 1,085 அடிக்கும் இடையில் இருப்பதன் காரணம் இதுவே.

இவ்வளவும் இயல்புவேகத்துக்குச் சாதகமாக இருக்க, முதல் நாளுக்கு நான் மிகுவேகத்தையே தேர்கிறேன். குறியின் துல்லியம் முதல் நாளின் கேள்வியன்று, இயக்கத்தின் நம்பகமே கேள்வி. பழகாத போல்ட், உரசாத தளங்கள், விறைப்பான வில் ஆகிய மூன்றையும் கடக்க 845-ஐவிட 975 தேவைப்படலாம். சுத்தமாகத் துடைத்து, சரியாக எண்ணெயிட்ட துப்பாக்கி 40 கிரெயின் மிகுவேகத் தோட்டாவிலும் திக்கினால், தோட்டாவைப் பழிக்க இடமில்லை, துப்பாக்கியைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தெளிவுக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். செம்பு முலாமும் உருள்முனையும் மகசினிலிருந்து அறைக்கு ஏறும் வழியைச் சீராக்குகின்றன, கையில் ஈயக் கறையும் குறைவு. இருநூறு தோட்டாக்கள் தடையின்றி ஓடிய பிறகு இயல்புவேகத்துக்கு மாறலாம். என் துப்பாக்கி அப்போது அதையும் சிக்கலின்றி ஏற்றுக்கொண்டது.

வேட்டை நோக்கம் உள்ளவர் வேறு கணக்குப் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது. அங்குள்ளவர் சி.சி.ஐ. காப்பர்-22 போன்ற ஈயமற்ற வகையை நாட வேண்டும். அதன் குண்டு 21 கிரெயின்தான், பெருக்கம் 765 அளவிலேயே நிற்கிறது. எனவே தன் துப்பாக்கியில் அது தொடர்ந்து இயங்குகிறதா என்று சுடுதளத்தில் சோதித்த பிறகே காட்டுக்குக் கொண்டு போக வேண்டும்.

முதல் நாள்

கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, குழலைக் குறிப்பலகை நோக்கியே வைத்து, முதலில் மகசினில் ஒரே ஒரு தோட்டா. அது சரியாகச் சுட்டுக் கூட்டை வெளியேற்றினால் அடுத்து இரண்டு. இரண்டு இடுவதற்குக் காரணம் உண்டு. விசை இயக்கத்தில் கோளாறு இருந்து ஒரே அழுத்தில் இரண்டும் வெடித்தால், அது இரண்டோடு நின்றுவிடும். அதன் பிறகு ஐந்து, பிறகுதான் பத்து. 10/22-இன் போல்ட் கடைசித் தோட்டாவுக்குப் பின் தானாகத் திறந்து நிற்பதில்லை, மூடிக்கொள்ளும். காலி என்று நினைத்த துப்பாக்கி நிறைந்திருக்க இது இடமளிப்பதால், ஒவ்வொரு முறையும் மகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து வைத்து, அறையைப் பார்த்த பிறகே கீழே வைக்க வேண்டும்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலைத் திருப்பாமல் முப்பது விநாடி காத்திருந்து, பிறகு தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக மெல்லிய ஒலி கேட்டு, உதை இல்லாமல் போனால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த குண்டு அதன் மீது மோதினால் குழல் வீங்கும். துப்பாக்கியைக் காலி செய்து குழலை ஊடுருவிப் பார்த்த பிறகே தொடரலாம். சிறிய தோட்டா என்ற அலட்சியம் கூடாது. பல பெட்டிகளின் மீதே அதன் ஆபத்து எல்லை ஒன்றரை மைல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லாத இடத்தில் இதைச் சுடவே கூடாது.

தோட்டாக்களைக் குறியின் துல்லியத்துக்காக ஒப்பிடும் நாள் வரும்போது ஒரு நுட்பத்தை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் மெழுகும் வேறு. தோட்டாவை மாற்றியவுடன் முதல் சில குண்டுகள் பழைய மெழுகின் மீதே ஓடுவதால் அங்குமிங்கும் போகும். புதிய வகையில் பத்துப் பதினைந்து குண்டுகளைச் சுட்டுக் குழலைப் பழக்கிய பிறகே, ஐம்பது கஜத்தில், மணல் மூட்டையின் மீது துப்பாக்கியைத் தாங்கி, ஐந்து ஐந்தாகச் சுட்டு அளக்க வேண்டும். ஐந்து துளைகள் நெருங்கி விழுந்த ஒரே ஒரு நல்ல கூட்டத்தைப் பார்த்து மகிழாமல், ஒவ்வொரு வகையிலும் அத்தகைய ஐந்து கூட்டங்களின் அகலத்தின் சராசரியை எழுதி வைப்பது நம்பகமானது. ஒரு 10/22 விரும்பும் தோட்டாவை அதன் அருகிலேயே தயாரான மற்றொன்று விரும்பாமல் போகலாம், ஆகவே பிறர் சொல்லும் பெயர் இங்கே உதவாது.

ஐந்நூறு தோட்டாக்களுக்கான பணம் கையில் இருந்தால் இன்று நான் இப்படி வாங்குவேன்: 40 கிரெயின் செம்பு முலாம் மிகுவேகம் இருநூறு, 40 கிரெயின் இயல்புவேகம் நூறு, மீதி இருநூறுக்கு வெவ்வேறு நிறுவனங்களின் மலிவு வகைகளில் சிறிய பெட்டிகள். முதல் இருநூறில் ஒன்றுகூடச் சிக்காவிட்டால் மலிவு வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, துப்பாக்கி ஏற்றுக்கொள்ளும் ஒன்றை மட்டும் பிறகு மொத்தமாக வாங்குவேன். சுட்டு முடித்ததும், ஈயத் தூசி உணவோடு சேராமல் இருக்க, எதையும் உண்பதற்கு முன் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கைகளைக் கழுவுவேன். அன்றிரவே போல்ட்டை வெளியே எடுத்து, அதன் மேற்புறத்தில் எந்த இடத்தில் புதிய பளபளப்பு தோன்றியிருக்கிறது என்று விளக்கொளியில் பார்த்து, அடுத்த எண்ணெய்த் துளியை அங்கே இடுவேன்.